தவிட்டுக்குத் தகரக் குழாய், தச்சருக்குத் துண்டு

திண்டிவனத்தில் பஸ் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுப்புரம் வரைக்கும் ஜன்னலோரமா உட்கார்ந்து போனால், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஊர்கள் வரும். ரோட்டை ஒட்டியும் கொஞ்சம் உள்ளே தள்ளியும் ரைஸ் மில்கள் இருக்கும். மில் கூரைக்கு மேலேயோ பக்கச் சுவரை ஒட்டியோ ஒரு தகரக் கூம்பு நிற்பதைப் பார்த்திருப்பீங்க. மேலே அகலம், கீழே வரவர புனல் மாதிரி குறுகல். ஒரு தடித்த குழாய் மில்லுக்குள்ளிருந்து வந்து அதன் தோளில் சேரும். இதுதான் சைக்ளோன். உள்ளே பறக்கும் உமியையும் தவிட்டுப் புழுதியையும் உறிஞ்சிக் கொண்டுவந்து, காற்றை மேலே விட்டு, தூசியைக் கீழே இறக்கும் சாதனம்.

அதே ஊர்களில் மரவாடிப் பக்கம் போய் ஒரு தச்சுப் பட்டறையை எட்டிப் பாருங்க. கட்டிங் மெஷின், இழைப்பு மெஷின், ரூட்டர், சாண்டர் எல்லாம் இருக்கும். சைக்ளோன் இருக்காது, குழாய் இருக்காது. வேலை செய்யறவர் மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருப்பார். அவ்வளவுதான்.

ஊர் ஒன்று, தகரம் ஒன்று, மோட்டார் ஒன்று. மில்லுக்கு வந்த குழாய் பட்டறைக்கு ஏன் வரலை? "கூரை தாழ்வுங்க, குழாய் போட இடமில்லை" என்பது வழக்கமான பதில். பொய்யில்லை. ஆனா அது பாதி பதில்தான். மீதிப் பாதி சரித்திரத்துல இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

களத்துமேட்டுப் பாடம்

தூசியையும் பொருளையும் காற்றால் பிரிக்கிறது நமக்குப் புதுசில்லை. நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முறத்தை உயரத் தூக்கிச் சாய்த்தால் கனமான நெல் நேராகக் காலடியில் விழும், பதரும் தூசும் காற்றோடு போகும். தூற்றுகிறவர் எதிர்க்காற்றில் நிற்க மாட்டார். காற்று முதுகிலிருந்து வந்து முறத்தைக் கடந்து வெளியே போகிற மாதிரி நிற்பார். மூச்சு, தூசி பிறக்கும் இடம், அது போகும் வழி, மூணும் இந்த வரிசையில் இருக்கணும். தூசி வெளியேற்றும் சாத்திரம் முழுக்க இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் விசிறி, தகரம், கணக்கு.

களத்துமேட்டுக்குக் கூரை கிடையாது. வேலை எப்போ கூரைக்குக் கீழே வந்ததோ அப்போதான் வம்பு ஆரம்பம்.

1556-ல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கத் தொழில் நூலில், சுரங்கத்துக்குள் காற்று செலுத்தும் விசிறிகளும் துருத்திகளும் படம் போட்டு விளக்கப்பட்டிருக்கின்றன. கார்பேத்திய மலைச் சுரங்கங்களில் தூசி ஆண்களைத் தின்றுவிட, ஏழு கணவர்களை மணந்த பெண்கள் இருந்தார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. 1700-ல் இத்தாலிய மருத்துவர் ரமாஸினி தொழில் நோய்கள் பற்றி எழுதிய புத்தகத்தில், தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் வரும் இருமலுக்குத் தனி அத்தியாயமே கொடுத்தார். ஆக, தூசி ஆளைக் கொல்லும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா இருந்ததில்லை.

ஷெஃபீல்டு: விசிறி இருந்தது, போடவில்லை

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்றால் கத்தி, கத்திரிக்கோல், முள்கரண்டி. அதையெல்லாம் சுழலும் கல்லில் பிடித்துச் சாணை தீட்டுவார்கள். ஈரக்கல்லில் தீட்டுகிறவர்கள் ஓரளவு பிழைத்தார்கள். முள்கரண்டி தீட்டுகிறவர்கள் உலர்கல்லில் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைச் சுற்றியே செத்துப்போகிறார்கள் என்று அவ்வூர் மருத்துவர் ஆர்னால்டு நைட் எழுதினார். கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில்.

1820-களிலேயே ஆப்ரகாம் என்பவர் இரும்புத் தூளைப் பிடிக்கக் காந்தக் கருவி ஒன்று செய்தார். காந்தம் இரும்பைப் பிடிக்கும், கல்தூளைப் பிடிக்குமா? அதற்குப் பிறகு கல்லுக்கு எதிரே ஒரு கூடு, அதிலிருந்து குழாய், முனையில் விசிறி என்ற ஏற்பாடு வந்தது. 1843-ல் கால்வர்ட் ஹாலண்ட் என்ற மருத்துவர் இதையெல்லாம் எல்லாரும் போட்டாகணும் என்று மன்றாடி எழுதினார். விசிறி வேலை செய்தது. ஆனா பல இடங்களில் போடவில்லை. சில இடங்களில் தொழிலாளிகளே எதிர்த்தார்கள்.

பைத்தியக்காரத்தனமா தோணுதில்ல? அவங்க கணக்கு வேற. சாவுக்குப் பயந்து ஆட்கள் இந்த வேலைக்கு வராததால்தான் கூலி உயரமா இருக்கு. விசிறி போட்டால் ஆள் கூடும், கூலி இறங்கும். அதோட விசிறிக்கு யார் காசு கொடுப்பது? சாணைக்காரர் பலபேர் கல்லையும் இடத்தையும் வாடகைக்கு எடுத்து வேலை செய்தவர்கள். கட்டட உரிமையாளருக்கு அந்தத் தூசியால் ஒரு காசு நஷ்டமில்லை. கடைசியில் 1867-ல் நாடாளுமன்றச் சட்டம் வந்துதான் சாணைப் பட்டறைகளில் விசிறி வைக்கும்படி ஆய்வாளர்கள் உத்தரவிட முடிந்தது. காந்தக் கருவியிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருஷத்துக்கு மேல்.

மினியாபொலிஸ்: கட்டடமே போனதும் வந்த குழாய்

இப்ப இன்னொரு ஊர். அமெரிக்காவின் மினியாபொலிஸ். 1878 மே 2-ம் தேதி மாலை, வாஷ்பர்ன் 'ஏ' மாவு மில் வெடித்தது. வெடிமருந்து எதுவும் இல்லை. காற்றில் மிதந்த கோதுமை மாவுத் தூசிதான் தீப்பிடித்து வெடித்தது. 18 பேர் இறந்தார்கள், பக்கத்து மில்களும் சேர்ந்து நாசமாயின. மாவுத் தூசி வெடிக்கும் என்பது அதற்கு முன்னாடியே தெரியும். 1785-ல் இத்தாலியின் டுரின் நகரத்தில் ஒரு மாவுக் கிடங்கு வெடித்ததை மொரோஸ்ஸோ பிரபு விவரமா எழுதி வச்சிருந்தார்.

மினியாபொலிஸில் போனது ஆட்கள் மட்டுமில்லை. பெரிய மூலதனம் போச்சு. அடுத்து என்ன நடந்தது பாருங்க. இரண்டே வருஷத்தில் மில் மறுபடி எழுந்தது, இந்தத் தடவை தூசி உறிஞ்சும் ஏற்பாடோடு. 1885-ல் ஜான் ஃபின்ச் என்பவர் பெயரில் சைக்ளோனுக்குக் காப்புரிமை பதிவானது. அதே 1880-களில் ஜெர்மனியில் பெத் என்பவர் துணிப்பை வடிகட்டியைச் செம்மைப்படுத்தினார். நாற்பது வருஷம் ஆகவில்லை, ஏழே வருஷம்.

சைக்ளோன் வேலை செய்யும் விதம் ரொம்ப எளிசு. தூசிக்காற்றைக் கூம்பின் மேல்பகுதியில் ஓரமாக, வட்டத்தைத் தொட்டபடி விடுவார்கள். காற்று சுழலும். கனமான துகள் சுவரில் மோதி வேகம் இழந்து கீழே வழியும். காற்று நடுவில் திரும்பி மேல் குழாய் வழியா வெளியேறும். உள்ளே ஓடும் உறுப்பு எதுவும் இல்லை, ரிப்பேர் இல்லை. நம்ம முறம்தான், வட்டமா வளைச்சு வச்ச மாதிரி.

தச்சு வேலைக்கும் அங்கே குழாய் வந்தது. 1860-களில் பாஸ்டன் பக்கத்து ஸ்டர்டிவன்ட், செருப்புத் தொழிற்சாலையில் தோல் தூசியை உறிஞ்ச ஒரு விசிறி செய்தார். பிறகு அதே வகை விசிறி மர இழைப்பு ஆலைகளுக்குள் போனது. ஏன்? இழைப்புச் சுருளைக் குழாய் வழியா நேரே பாய்லர் அறைக்கு அனுப்பினால் விறகுச் செலவு மிச்சம். தூசிக்கு விலை வந்துவிட்டது, குழாயும் வந்துவிட்டது.

இதுதான் இந்தப் பதிவுல நான் சொல்ல வந்த சங்கதி. தூசிக்கு விலை இருந்தாலோ, கட்டடத்துக்கு ஆபத்து இருந்தாலோ, குழாய் சீக்கிரம் வரும். நுரையீரல் மட்டும்தான் கெடும் என்றால், சட்டம் வந்து கையைப் பிடித்து இழுக்கும் வரை வராது.

நம்ம ஊர் மில் கதை

பழைய தென்னார்க்காட்டில் நெல்லும் மணிலாக்கொட்டையும்தான் பிரதானம். 1879-ல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை திறந்த பிறகு, மணிலாப் பயிர் புதுச்சேரித் துறைமுகம் வழியா பிரான்சின் மார்சேய்க்குப் போனது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் 'டி.எம்.வி.' ரகங்களில் இருக்கும் எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவைதான். டி.எம்.வி. 2 வெளியானது 1940-ல். தோல் உரிக்கும் ஆலைகளின் தூசி இந்த ஊர்களுக்குப் பழக்கமானதுதான்.

நெல்லுக்கு முதலில் வந்தது ஹல்லர். பிரேசிலில் எங்கெல்பெர்க் 1885 வாக்கில் உருவாக்கிய வகை. ஒரே உருளையில் உமியும் தவிடும் சேர்ந்து வரும். கலந்த தவிட்டுக்கு மாட்டுத் தீவனம் என்பதற்கு மேல் பெரிய மதிப்பில்லை. அதனால் பழைய ஹல்லர் மில்களில் அது தரையில் குவியும், புழுதி கூரைச் சிலந்தி வலைகளில் தொங்கும், மில்காரரின் புருவம் வெள்ளையா இருக்கும். சைக்ளோன் எதுக்கு?

1958-ல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1960-களின் நடுவில் தஞ்சாவூர் உள்ளிட்ட சில இடங்களில் ஜப்பான், ஜெர்மன் இயந்திரங்களோடு மாதிரி நவீன மில்கள் வந்தன. 1970-க்குப் பிறகு மில்களை நவீனமாக்க அரசு நெருக்கியது. ரப்பர் உருளையில் முதலில் உமி தனியா உரியும், பிறகு அரிசியைத் தீட்டும்போது தவிடு தனியா வரும். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு. சுத்தமான தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகும். உமி புழுங்கல் பாய்லருக்குப் போகும், மிச்சம் விலைக்குப் போகும். பறக்கிற தவிடு பறக்கிற பணம். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு மெஷின் வாயிலும் குழாய், குழாய் முனையில் சைக்ளோன். 1997-ல் அந்த 1958 சட்டமே ரத்தாகிவிட்டது. சைக்ளோன் போகவில்லை. அதுக்குச் சட்டம் தேவைப்படலை.

பட்டறையில் என்ன நடந்தது

கைவேலையில் இவ்வளவு நுண்தூசி கிடையாது. இழைப்புளியில் வருவது சுருள், உளியில் வருவது சில்லு. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன. அந்த வேலை உளியில் பிறந்தது. உப்புத்தாள் போடும்போது மட்டும் தூசி. ஆனா இப்ப ரூட்டரும் சாண்டரும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. ப்ளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் வந்தாச்சு. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பிசினில் அழுத்திய பலகை. அதை அறுத்தால் வருவது சுருளே இல்லை, மாவு.

இதுலயும் விலை விளையாடுது. கரடுமுரடான மரத்தூளுக்கு நம்ம ஊரில் விலை உண்டு. மரத்தூள் அடுப்பு ஞாபகம் இருக்கா? தகர டப்பாவில் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவி எடுத்துப் பற்றவைப்பாங்க. ஐஸ் கட்டி மூடவும் அதே தூள்தான். அதனால் பெரிய தூளைக் கூட்டி மூட்டை கட்டிடறாங்க. விலையில்லாத நுண்தூள்தான் காற்றிலேயே நிற்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும்? தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் 7 அடி இறங்கவே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். 2 மைக்ரான் துகளுக்கு மணிக்கணக்கு. நெஞ்சுக்குள் ஆழமாகப் போவதும் இந்தச் சின்னதுதான்.

1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி நாற்காலித் தொழிலாளர்களிடம் அபூர்வமான ஒரு மூக்குப் புற்றுநோய் அடிக்கடி வருவதை, காது மூக்கு மருத்துவர்கள் எஸ்மே ஹாட்ஃபீல்டும் ரொனால்ட் மக்பெத்தும் கவனித்தார்கள். அச்சஸன் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளரோடு சேர்ந்து 1968-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பட்டியலில் சேர்த்தது. மரம்தானே, இயற்கைதானே என்கிற சமாதானம் அன்றோடு முடிந்தது.

சட்டம் என்ன சொல்லிச்சு? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவு ரொம்பத் தெளிவு. உறிஞ்சும் சாதனம் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கணும், அந்த இடத்தை முடிந்தவரை மூடணும். 16-வது பிரிவு இன்னும் சுவாரசியம். ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேணும், ஆனா தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலே உள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனா கரண்டில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை இருபது. மூணு பேர் வேலை செய்யும் பட்டறை அப்பவும் வெளியே, இப்பவும் வெளியே.

சரி, கூரை தாழ்வு?

இப்ப அந்தப் பாதி பதிலுக்கு வருவோம். ரைஸ் மில் கூரை உயரம். பட்டறையோ கடை காம்ப்ளக்ஸின் பேஸ்மென்டில், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பில், ஏழு ஏழரை அடியில். இந்தத் தாழ்வே குழாயின் தேவையைக் கூட்டுது. 20-க்கு 15 அடி அறை 14 அடி உயரமா இருந்தால் 4,200 கன அடி. 7 அடி என்றால் 2,100. தூசி அதேதான், மூச்சுக்குள் போவது இரண்டு மடங்கு.

குழாயைத் தலைக்கு மேல் நடு அறையில் தொங்கவிட்டால் பீமுக்குக் கீழே 6 இன்ச் குழாய் நெற்றியில் இடிக்கும். அதனால் நடுவில் வேண்டாம். பழைய பட்டறைகளும் மில்களும் கத்துக்கொடுத்த வழிகள் இவை.

முதலில் சைக்ளோனை வெளியே வையுங்க. மில்லில் வெளியே நிற்கிற மாதிரியே. தொட்டியோடு சேர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் வரும் சாதனம் தாழ்ந்த அறைக்குள் நிற்காது. சுவரில் ஒரு ஓட்டை போதும். காற்று வெளியே போகிற அளவு உள்ளே வர எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்கணும். களத்துமேட்டு வரிசைதான்.

பிரதானக் குழாயைச் சுவரை ஒட்டி, மேஜை உயரத்திலோ அதற்குச் சற்று மேலேயோ ஓட்டுங்க. மெஷின்களையும் அந்தச் சுவர் பக்கம் நகர்த்துங்க. அதிகம் தூசி தருவது விசிறிக்குப் பக்கத்தில் வரணும். தரையில் பள்ளம் வெட்டிக் கொண்டுபோகலாம்னு சிலர் சொல்வாங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேஸ்மென்ட் பள்ளத்தில் என்ன நிற்கும்னு உங்களுக்கே தெரியும்.

வளைவுகளைக் குறையுங்க. ஒரே மடக்காக 90 டிகிரி திருப்பாமல் 45, 45 ஆக இரண்டு. கிளைக்குழாய் பிரதானக் குழாயில் செங்குத்தா முட்டக் கூடாது, காற்று போகும் திசையில் சாய்ந்து பக்கவாட்டில் சேரணும். ஓடாத மெஷினின் குழாயை அடைக்க ஒரு தள்ளு தகடு.

அடுத்து அளவு. மரத்தூள் குழாய்க்குள் படியாமல் ஓட வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம் வேணும். அந்த வேகத்தில் 4 இன்ச் குழாய் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 340 கன அடி காற்றை எடுக்கும், 6 இன்ச் குழாய் 770. இடமில்லைன்னு சின்னக் குழாய் போட்டால் காற்று குறையும். சின்ன விசிறியோடு பெரிய குழாய் போட்டால் வேகம் குறைந்து தூள் உள்ளேயே படுத்துக்கும்.

கடைசியா, குழாய் வாய். 1930-களில் டல்லவல் என்ற அமெரிக்கப் பொறியாளர் அளந்து சொன்னார்: வாயிலிருந்து ஒரு குழாய் விட்டம் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 4 இன்ச் குழாய்க்கு 4 இன்ச் தள்ளியே உறிஞ்சல் தீர்ந்துபோச்சு. ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் காற்று போகாது. 14-வது பிரிவு 'பக்கத்தில்' என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கூரையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால், தூசி உங்க மூக்கைத் தாண்டித்தான் அதுக்குப் போகும்.

சைக்ளோனும் எல்லாத்தையும் பிடிக்காது. ரொம்ப நுண்ணியது காற்றோடு தப்பும். அதனால் அதன் மேல்வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. உள்ளே வேலை செய்பவருக்கு நல்ல முகமூடி அப்பவும் வேணும். துண்டு போதாது, அதன் நெசவு இடுக்கில் நுண்தூள் தாராளமா நுழையும்.

செலவு? சின்னப் பட்டறைக்கு இது சுமைதான். தூளை விற்று இந்தக் குழாயின் காசு திரும்பாது. ஷெஃபீல்டு சாணைக்காரர் நின்ற அதே இடத்தில்தான் நம்ம தச்சரும் நிற்கிறார். லாபக் கணக்கில் இதுக்கு வரி கிடையாது, ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் உண்டு. ஆனா தொழில்நுட்பத்தைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ரைஸ் மில்லுக்குச் சைக்ளோன் அடித்துக்கொடுக்கிற தகர வேலைக்காரர் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கார். வளைவு எப்படி மடக்கணும், கிளையை எப்படிச் சாய்க்கணும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஒரு நாள் அவரைக் கூட்டிவந்து பட்டறையைக் காட்டுங்க. சுவரில் எங்கே ஓட்டை போடணும்னு அவரே சாக்பீஸால் வட்டம் போட்டுடுவார்.